இருட்டில் இருப்பது யார்?

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். ஜான் கீட்ஸ் நைட்டிங்கேல் பறவையை நோக்கிப் பாடிய கவிதையைத் தமிழில் கொண்டுவர முயன்றுகொண்டிருக்கிறேன். அதன் ஆறாவது ஸ்டான்ஸா 'டார்க்லிங் ஐ லிஸன்' என்று தொடங்குகிறது. 'டக்லிங்' வாத்துக்குஞ்சு, 'டார்லிங்' கண்ணே மணியே. அப்படியானால் கவிஞர் இருட்டைத்தான் செல்லமாக விளிக்கிறார் என்று நினைத்து 'சின்ன இருளே, கேட்கிறேன்' என்று எழுதினேன். என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர் அது 'டார்லிங்' என்பதன் அச்சுப்பிழை என்று அடித்துச் சொல்கிறார். அகராதியோ ஓரிடத்தில் வினையடை என்கிறது, இன்னோரிடத்தில் பெயரடை என்கிறது. கீட்ஸுக்குப் பின்னால் வந்த கவிஞர்கள் மேத்யூ ஆர்னால்டும் தாமஸ் ஹார்டியும் இதே சொல்லை எழுதியிருக்கிறார்கள். அங்கே பொருள் வேறு மாதிரி தெரிகிறது. மூன்றும் ஒரே சொல்தானா? முதல் ஆறு ஸ்டான்ஸாக்களின் மொழிபெயர்ப்பை இணைத்திருக்கிறேன்.
– ஓர் ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு, வணக்கம்.

உங்கள் நண்பரின் அச்சுப்பிழைக் கதையை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். அது பிழையில்லை, கீட்ஸ் எழுதிய சொல்லேதான். 'சின்ன இருளே' என்பது தவறு. ஆனால் அதற்காக வெட்கப்பட வேண்டாம். அதே தவறை உங்களுக்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் முன்னால் சாமுவேல் ஜான்சன் செய்திருக்கிறார்.

1755இல் வெளிவந்த ஜான்சனின் ஆங்கில அகராதியில் இந்தச் சொல் இருக்கிறது. சொல் எப்படிப் பிறந்தது என்று சொல்லவேண்டிய இடத்தில் மனிதர் இரண்டு ஊகங்களை வைக்கிறார். 'டார்க்கிள்' என்று ஒரு வினைச்சொல் இருந்து அதிலிருந்து வந்திருக்கலாம், ஆனால் அப்படியொரு வினையை நான் எங்கும் பார்த்ததில்லை என்பது ஒன்று. 'யங்' என்பதிலிருந்து 'யங்லிங்' வந்ததைப் போல 'டார்க்' என்பதன் குறுமை வடிவமாக இருக்கலாம் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது ஊகம்தான் உங்கள் 'சின்ன இருள்'. இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அகராதிக்கு ஆறு ஆண்டுகள் முன்பு, 1749இல், மனித ஆசைகளின் வெறுமையைப் பற்றி எழுதிய நெடுங்கவிதையில் அவரே இந்தச் சொல்லைப் பிசகில்லாமல் கையாண்டிருக்கிறார். கதியற்ற மனிதன் விதியின் வெள்ளத்தில் இருட்டில் உருண்டுகொண்டே போகத்தான் வேண்டுமா என்று கேட்கிறார். சொல்லின் பிறப்பு தெரியாமலே அதைச் சரியாகப் புழங்க முடிந்திருக்கிறது. நாமும் தினமும் அப்படித்தானே பேசிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டு ஊகங்களும் தப்பு. ஆங்கிலத்தில் 'லிங்' என்று ஒரே உருவத்தில் இரண்டு விகுதிகள் உண்டு. வாத்துக்குஞ்சிலும் 'டார்லிங்'கிலும் இருப்பது குட்டி, செல்லம் என்ற பொருள் தருவது. மற்றது பழைய ஆங்கிலத்திலிருந்தே இருக்கும் வினையடை விகுதி. எந்தத் திசையில், எந்த நிலையில் என்பதைக் காட்டும். அந்த இரண்டாவது குடும்பத்தில் இன்று மிச்சமிருப்பவர்கள் மிகச் சிலர், அவர்களும் பெரும்பாலும் மாறுவேடத்தில் இருக்கிறார்கள். 'ஹெட்லாங்' என்று நாம் சொல்லும் சொல் முதலில் 'ஹெட்லிங்'. நம் 'தலைகுப்புற' இருக்கிறதே, அதே வார்ப்பு. 'சைட்லாங்' என்பதும் 'சைட்லிங்' ஆக இருந்ததுதான். விகுதியின் பொருள் மக்களுக்கு மறந்துபோனதும், காதுக்குப் பழகிய 'லாங்' உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. 'க்ராவலிங்' என்பது முகங்குப்புறக் கிடக்கும் நிலையைச் சொன்ன வினையடை. கேட்டவர்கள் அதை 'க்ராவல்' என்ற வினையின் 'இங்' வடிவம் என்று நினைத்துக்கொண்டார்கள், அப்படியே ஒரு புது வினை பிறந்துவிட்டது. பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து எழுத்தில் கிடைக்கும் 'டார்க்லிங்' அந்தக் குடும்பத்தில் உருவம் மாறாமல் தப்பித்த ஒன்று.

வகுப்பில் இதை விளக்க வேண்டி வந்தால் நம் 'இல்'லை எடுத்துக்கொள்ளுங்கள். 'இல்லறம்' என்பதில் இல் என்றால் வீடு. 'இல்பொருள்' என்பதில் இல் என்றால் இல்லாதது. 'வீட்டில்' என்பதில் அது வெறும் உருபு. உருவத்தை மட்டும் வைத்து வெட்டுகிறவன் 'வீட்டில்' என்பதை 'வீடு இல்லாமல்' என்று மொழிபெயர்த்துக் கொடுப்பான். 'டார்க்லிங்' விஷயத்தில் நடந்தது அதுதான். தற்செயலாகப் பாருங்கள், இருட்டு + இல் என்று நாம் சொல்லும்போது அந்த ஆங்கிலச் சொல்லை உறுப்புக்கு உறுப்பு பெயர்த்தே விடுகிறோம். டார்க்லிங் என்றால் இருட்டில். அவ்வளவுதான் அதன் அடிப்படைப் பொருள்.

ஆக, ஒரு பொருள் கறுப்பாக இருக்கிறது என்று சொல்லும் சொல்லாக அது பிறக்கவில்லை. ஒருவர் வெளிச்சம் இல்லாமல் இருக்கிறார், அந்த நிலையில் எதையோ செய்கிறார் என்று சொல்லத்தான் பிறந்தது. அதனால் இந்தச் சொல்லை எங்கே பார்த்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இங்கே இருட்டில் இருப்பது யார்?

ஷேக்ஸ்பியரிடம் கேட்டுப் பாருங்கள், பதில் உடனே வரும். 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தில் காட்டில் தன்னை விட்டுவிட்டு ஓடும் டிமீட்ரியஸைப் பார்த்து ஹெலனா, இருட்டில் என்னைத் தனியாக விட்டுப் போகிறாயா என்று கெஞ்சுகிறாள். இருட்டில் இருப்பவள் அவள். 'கிங் லியர்' முதல் அங்கத்தில் கோமாளி, குயில் குஞ்சுக்குத் தீனி ஊட்டிய சிட்டின் தலையை அந்தக் குஞ்சே கடித்துவிட்ட கதையை இரண்டு வரியில் சொல்லிவிட்டு, மெழுகுவத்தி அணைந்தது, நாம் இருட்டில் நின்றோம் என்று முடிக்கிறான். ராஜ்யத்தை மகள்களுக்குப் பங்கிட்டுவிட்டு நிற்கும் கிழவருக்கு முன்னால் அதைச் சொல்கிறான். கோமாளி வாயில் வருகிறதென்றால் அன்றைக்கு அது அலங்காரச் சொல்லாக இருந்திருக்க முடியாது, சாதாரண வாய்ப்பேச்சுதான். (நைட்டிங்கேலைக் 'குயில்' என்று பெயர்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு, நீங்களும் முதல் ஸ்டான்ஸாவில் அப்படிச் செய்திருக்கிறீர்கள். குயில் வேறு பறவை, வேறு குணம். லியர் கோமாளியின் கதைக்குக் குயில் சரி, கீட்ஸுக்கு ஆகாது. இராப்பாடி என்று எழுதுங்கள், அல்லது நைட்டிங்கேல் என்றே விட்டுவிடுங்கள்.)

ஜான்சன் தன் அகராதியில் இதை வெறும் கவிதைச் சொல் என்று ஒதுக்கினார். லண்டனில் அது உண்மையாக இருந்திருக்கலாம். அகராதி வந்து முப்பது ஆண்டுகள் கழித்து, 1785இல், ராபர்ட் பர்ன்ஸ் ஸ்காட்லாந்தின் குடியானவர் வீடுகளில் ஹாலோவீன் இரவு நடக்கும் கூத்துகளைக் கவிதையாக எழுதினார். அதில் ஒரு பெண் மற்றவர்களைப் பேச்சில் விட்டுவிட்டு நைசாக நழுவி, தானியம் உலர்த்தும் சூளைக்குத் தனியே போகிறாள். அங்கே இருட்டில் கைகளால் துழாவி உத்தரக்கட்டையைத் தேடுகிறாள். நீல நூல்கண்டு ஒன்றைச் சூளைக்குள் எறிகிறாள். நூலை வேறு கண்டாகச் சுற்றிக்கொண்டே வந்தால் கடைசியில் யாரோ மறுமுனையைப் பிடிப்பார்கள். பிடிப்பது யார் என்று கேட்டால், வரப்போகும் கணவனின் பெயர் உள்ளிருந்து வரும் என்பது நம்பிக்கை. 'டார்க்லின்ஸ்' என்று ஸ்காட் வடிவத்தில் கவிதைக்குள் வரும் சொல், அந்தச் சடங்கை விளக்கிப் பர்ன்ஸ் எழுதிய உரைநடைக் குறிப்பிலும் வருகிறது: தனியே போ, விளக்கில்லாமல் எறி. சடங்கின் விதிமுறையே அது. விளக்கோடு போனால் பலிக்காது. சொல் எவ்வளவு கைக்கு அருகில் இருந்திருக்கிறது பாருங்கள். கையால் துழாவும் சொல் இது.

இனி உங்கள் கவிதை. அதற்கு ஒரு படி முன்னால் மில்டனிடம் போகவேண்டும்.

1652 வாக்கில் மில்டனுக்குப் பார்வை முற்றிலும் போய்விட்டது. 1667இல் வந்த 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தின் மூன்றாம் காண்டத்தை அவர் ஒளிக்கு வணக்கம் சொல்லித் தொடங்குகிறார். கண் தெரியாதவர் ஒளியை வாழ்த்துகிறார். தன் கவிதை எப்படிப் பிறக்கிறது என்று சொல்ல ஓர் உவமை தேடுகிறார்: உறங்காத அந்தப் பறவை இருட்டில் பாடுவதைப் போல, அடர்ந்த நிழலுக்குள் மறைந்து இரவுப் பாட்டைச் சுருதி கூட்டுவதைப் போல. பறவையின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை, அது நைட்டிங்கேல் என்று வாசகருக்குத் தெரியும். அங்கே இருட்டில் இருப்பது பறவை. பறவைக்குப் பின்னால் மில்டன்.

கீட்ஸ் மில்டனை அடிக்கோடிட்டுப் படித்தவர். அவர் ஓரக்குறிப்புகள் எழுதிய 'பாரடைஸ் லாஸ்ட்' பிரதி இன்றும் இருக்கிறது. 1819 வசந்தத்தில் ஹாம்ஸ்டெட்டில் நண்பர் சார்லஸ் பிரவுனின் வீட்டுத் தோட்டத்தில் இந்தக் கவிதையை எழுதுகிறார். ஆறு மாதத்துக்குள்தான், 1818 டிசம்பரில், தம்பி டாம் காசநோயில் இறந்திருந்தான். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் கீட்ஸ். இந்த நிலையில் அவர் மில்டனின் சொல்லை எடுக்கிறார். எடுத்து, அதைப் பறவையிடமிருந்து கழற்றித் தன்மேல் போட்டுக்கொள்கிறார். பறவை பாடுகிறது. இருட்டில் இருப்பது கேட்கிறவன். மில்டனின் கவிஞன் இருட்டிலிருந்து பாடினான். கீட்ஸின் கவிஞனால் இருட்டிலிருந்து கேட்க மட்டும் முடிகிறது. அடுத்த வரியிலேயே, வலியில்லாத மரணத்தின் மேல் பாதிக் காதலாகவே இருந்திருக்கிறேன் என்கிறார். மூன்று சொல்லுக்குள் நடந்த இந்த இடமாற்றம்தான் அந்த ஸ்டான்ஸாவின் வாசல். 'சின்ன இருளே' என்று விளித்தவுடன் அந்த வாசல் மூடிக்கொள்கிறது. இருட்டு எதிரே நிற்கும் ஆளாகிவிடுகிறது, கவிஞர் வெளியே வந்துவிடுகிறார்.

ஆர்னால்ட், ஹார்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆம், அதே சொல்தான், ஆனால் வேலை மாறிவிட்டது. விகுதியை மறந்த காதுகளுக்கு 'டார்க்லிங்' என்பது 'ஃபாலிங்', 'ரன்னிங்' மாதிரி ஒரு வினையின் எச்சமாகக் கேட்க ஆரம்பித்தது. இருண்டுகொண்டிருக்கிற என்ற பொருள் ஒட்டிக்கொண்டது. ஜான்சன் எங்கும் பார்த்ததில்லை என்று சொன்ன 'டார்க்கிள்' வினைகூட அவர் இறந்த பிறகு நிஜமாகவே முளைத்துவிட்டது. பைரன் 'டான் வான்' காவியத்தில் அதை 'ஸ்பார்க்கிள்' என்பதற்கு எதுகையாகப் போட்டுச் சிரிக்கிறார். அதே பைரன், கோடையே வராத 1816இல் எழுதிய 'டார்க்னஸ்' என்ற கவிதையில், நட்சத்திரங்கள் கதிரும் இல்லாமல் வழியும் இல்லாமல் இருட்டில் அலைந்தன என்று பழைய பொருளிலும் எழுதியிருக்கிறார்.

1867இல் அச்சான 'டோவர் பீச்' கவிதையின் கடைசியில் ஆர்னால்ட், இருளும் சமவெளி ஒன்றில் நாம் நிற்கிறோம் என்கிறார். யார் யாரோடு மோதுகிறோம் என்று தெரியாத படைகள் இரவில் மோதுகின்றன. சிராக்யூஸ் முற்றுகையின்போது ஏதென்ஸ் வீரர்கள் இரவுப் போரில் தங்கள் ஆட்களையே வெட்டிக்கொண்டதைப் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் எழுதியிருக்கிறார்; ஆர்னால்டின் படிமம் அங்கிருந்து வந்ததாகச் சொல்வார்கள். இப்போது என் கேள்வியைப் போடுங்கள். இலக்கணப்படி இருட்டில் இருப்பது சமவெளி. ஆனால் 'நாம் இங்கே' என்று அந்த வாக்கியம் தொடங்குகிறதே. சொல் சமவெளிக்கு அடையாக நின்றாலும் பழைய பொருள் உள்ளே கசிந்துகொண்டுதான் இருக்கிறது. தமிழில் 'இருள் கவியும் வெளி' என்று எழுதினால் போதும். 'இருண்ட' வேண்டாம், அது முடிந்துபோன காரியம்.

ஹார்டி விஷயத்தில் நானே அடிவாங்கியவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், 'தி டார்க்லிங் த்ரஷ்' என்ற தலைப்பைப் பார்த்ததும் அது ஏதோ பறவை இனத்தின் பெயர் என்று நினைத்து 'கரும்பூங்குருவி' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மூத்த ஆசிரியர் ஒருவர் தாளைத் திருப்பி என் முன்னால் வைத்து, "தம்பி, கவிதையில அந்தக் குருவி என்ன நிறம்னு எங்கயாவது இருக்கா, காட்டுங்க" என்றார். தேடினேன். வயதானது, மெலிந்தது, சின்னது, காற்றில் இறகு கலைந்தது என்று எல்லாம் இருக்கிறது. நிறம் இல்லை. அது இருட்டப்போகிற நேரத்தில் பாடும் குருவி. முதலில் 1900 டிசம்பர் 29 அன்று 'தி கிராஃபிக்' இதழில், நூற்றாண்டின் மரணப்படுக்கை அருகே என்ற பொருள்படும் வேறொரு தலைப்பில் அச்சானது. பிறகு நூலில் சேர்த்தபோது கவிதைக்கு அடியில் டிசம்பர் 31 என்று தேதி போட்டுக்கொண்டார் ஹார்டி. அச்சாகி இரண்டு நாள் கழித்து எழுதியதாக ஒரு கவிதை! நூற்றாண்டின் கடைசி அந்திதான் அவருக்கு வேண்டியிருந்தது. தலைப்பை மாற்றியதில், மில்டன் பாடவைத்த இடத்துக்கே பறவை திரும்பிவிட்டது. இருட்டில் பாடுவது மறுபடியும் பறவை. கேட்கிறவனுக்குத்தான் அது ஏன் இவ்வளவு மகிழ்ச்சியாகப் பாடுகிறது என்று விளங்கவில்லை. தமிழில் 'கருக்கலில் ஒரு பூங்குருவி' என்று வைக்கலாம். கருக்கல் நல்ல சொல், இன்னும் கிராமத்தில் உயிரோடு இருக்கிறது.

இன்று கவிதைக்கு வெளியே இந்தச் சொல் வண்டோடுதான் அதிகம் சேர்ந்து வருகிறது. 'டார்க்லிங் பீட்டில்' என்பது சுமார் 20,000 இனங்கள் கொண்ட ஒரு வண்டுக் குடும்பம். மழைக்காலத்தில் மூடி சரியாகப் போடாத மைதா டப்பாவிலும் ரவையிலும் ஓடும் செம்பழுப்பு வண்டு இந்தக் குடும்பத்து உறுப்பினர்தான். இங்கேயும் பெயர் நிறத்தைப் பார்த்து வந்ததில்லை, வெளிச்சத்தைத் தவிர்க்கும் பழக்கத்தைப் பார்த்து வந்தது. உங்கள் மாணவர்களுக்குக் கீட்ஸைவிட இது சட்டென்று பிடிபடும்.

இனி உங்கள் வரிக்கு வருகிறேன். 'நள்ளிருளில்' என்று எழுதிப் பார்க்க ஆசை வரும். அது இரவின் நேரத்தைச் சொல்கிறது; ஆளைச் சொல்லவில்லை. 'கனையிருள்' மாதிரி சங்கச் சொல்லுக்குப் போகவேண்டாம். மில்டன் கீட்ஸுக்கு நூற்றைம்பது ஆண்டுத் தூரத்தில் இருந்தவர், இரண்டாயிரம் ஆண்டுத் தூரத்தில் இல்லை. 'இருளோடு இருளாய்க் கேட்கிறேன்' என்று ஒருவர் எழுதிப் பார்த்திருக்கிறேன். அழகாக இருக்கிறது, அவர் இருட்டில் கரைந்துவிட விரும்புவதும் அதில் வருகிறது. ஆனால் 'இருட்டோடு இருட்டாக ஓடிவிட்டான்' என்று நாம் கடன்காரனைப் பற்றிச் சொல்லும் தொனி அதன் காலைப் பிடித்து இழுக்கிறது. நான் எழுதினால் 'இருட்டிலிருந்து கேட்கிறேன்' என்று எழுதுவேன். இருட்டில் இருந்துகொண்டு, இருட்டுக்குள்ளிருந்து என்று இரண்டும் அதில் ஒலிக்கின்றன. ஆங்கிலத்தில் வரியின் முதல் சொல் அது. தமிழிலும் முதலில் நிற்கட்டும், 'நான்' வேண்டாம்.

நீங்களே ஆங்கிலக் கட்டுரையில் இதைப் பயன்படுத்தலாமா என்று கேட்கவில்லை. ஆனாலும் ஆசிரியர் என்பதால் சொல்லிவைக்கிறேன். வேண்டாம். கறுத்த மேகம், கறுத்த கண்கள் என்று சொல்ல இதை இழுத்து வருகிறவர்கள் நிறையப் பேர். படிக்கும்போது இரவல் நகை மாதிரி தெரியும்.

கடைசியாக, உங்கள் ஐந்தாவது ஸ்டான்ஸா. ஆறாவதைத் திருத்தினால் இதையும் திருத்தியாகவேண்டும். 'நிலவொளியில் காலடிப் பூக்களைப் பார்த்தேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். நான்காவதில் நிலவரசி மேலே அரியணையில் இருக்கக்கூடும் என்று சொன்ன கையோடு, இங்கே வெளிச்சமே இல்லை என்றுதான் கீட்ஸ் சொல்கிறார். இலைகளின் வழியே காற்றோடு சேர்ந்து இறங்குவது மட்டும்தான் வெளிச்சம். ஐந்தாவது தொடங்குவதே, என் காலடியில் என்ன பூ இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை என்றுதான். முட்புதர்ப் பூ, காட்டு ரோஜா, வயலட் எல்லாவற்றையும் அவர் மணத்தை வைத்து ஊகிக்கிறார். சூளைக்குள் துழாவிய அந்த ஸ்காட்லாந்துப் பெண் கையால் செய்ததை இவர் மூக்கால் செய்கிறார். ஐந்தாவதில் பூக்களைப் பார்த்துவிட்டவர் ஆறாவதில் இருட்டில் இருக்க முடியாது. 'பார்த்தேன்' என்ற அந்த வினையையும் நிலவொளியையும் எடுத்துவிட்டு, பூக்களை மணக்க விடுங்கள். திருத்தியதும் ஏழாவது ஸ்டான்ஸாவோடு சேர்த்து அனுப்பிவையுங்கள்.